காண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) டென்னிஸ் கோர்ட்டில் ஷூ இவ்வளவு சீக்கிரம் தேய்வது ஏன்?
ஷூவில் குறையில்லை, கோர்ட்டுக்குத்தான் பொருந்தவில்லை. பிரெஞ்சு ஓப்பன் பார்த்து ஆசையாக வாங்கிய கிளே (மண் தரைக்கான) ஷூ, காண்டோ கோர்ட்டில் இரண்டே மாதத்தில் தேய்ந்துவிட்டது என்கிறீர்கள். அந்தப் போட்டி நடக்கும் ரோலண்ட் காரோவில் தரையின் மேலே இருப்பது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் செங்கல் தூள். கால் தானாகச் சறுக்கும். சிங்கப்பூரில் பெரும்பாலும் ஹார்ட் கோர்ட், அதாவது கெட்டித் தரை. அந்த அக்ரிலிக் பூச்சில் மணல் கலந்திருக்கும், உப்புத்தாள் மாதிரி ரப்பரை அரைத்துவிடும்.

ஷூவைத் திருப்பிப் பாருங்கள். அடி முழுக்க ஒரே சீராக நெருக்கமான நெளிவரி, பெருவிரல் பக்கம் மட்டும் வழுவழுவென்று ஆகியிருந்தால் அது ஹார்ட் கோர்ட்டில் தேய்ந்த கிளே ஷூதான், சந்தேகமே வேண்டாம். அடுத்த முறை ‘ஹார்ட் கோர்ட்’ என்றே கேட்டு வாங்குங்கள்.

எந்த ஷூவானாலும் மழை ஈரம் காயும்வரை தயவுசெய்து இறங்காதீர்கள். வெள்ளைக் கோட்டில் வழுக்கினால் முட்டி போய்விடும்.