பதில்: நட்புமுறைத் தொடரில் ஆடினால் ஆஸ்திரேலிய வாய்ப்பு போய்விடுமா?

வணக்கம் ஐயா. மலேசியாவின் பட்டர்வொர்த்தில் பிறந்த உங்கள் மகனுக்கு அம்மா வழியில் ஆஸ்திரேலியக் குடியுரிமையும் உண்டு; கோலாலம்பூரில் நடக்கும் நட்புமுறைக் கால்பந்துத் தொடரில் மலேசிய இளையோர் அணிக்கு ஆடினால், நாளை ஆஸ்திரேலியாவுக்கு ஆட முடியாமல் போகுமா என்று கேட்டிருந்தீர்கள். போகாது. தாராளமாக அனுப்புங்கள்.

ஃபிஃபா விதிப்படி ஒரு வீரரை ஒரு நாட்டோடு பிணைப்பவை அதிகாரப்பூர்வப் போட்டிகள்தான்; நட்பு ஆட்டங்கள் கணக்கில் வராது. தியேகோ கோஸ்டா 2013-இல் பிரேசிலின் மூத்தோர் அணிக்கே இரண்டு நட்பு ஆட்டங்களில் களமிறங்கியவர். மறு ஆண்டு உலகக் கிண்ணத்தில் ஸ்பெயினுக்கு ஆடினார்!

ஆனால் தொடரின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். அழைப்புக் கடிதத்தில் ஏற்பாட்டாளர் யார் என்று பாருங்கள். புக்கிட் ஜாலிலில் தலைமையகம் வைத்திருக்கும் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தகுதிச்சுற்று என்றால் கதை வேறு. அப்போதும், முதல் அதிகாரப்பூர்வ ஆட்டத்தின்போதே இரு குடியுரிமையும் இருந்திருந்தால், பின்னர் ஒருமுறை மாற விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

என் கவலை பந்தைப் பற்றியதல்ல, பாஸ்போர்ட்டைப் பற்றியது. மலேசியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அதைக் குடியுரிமைச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடம் இப்போதே பேசிவிடுங்கள். பயிற்றுநரிடம் கேட்டுப் பயனில்லை. ஆவண விவகாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2025-இல் போலி ஆவணங்களுக்காக மலேசிய அணியின் ஏழு வீரர்களுக்கு ஃபிஃபா விதித்த தடையில் எல்லாரும் பார்த்தோம். பிறப்புச் சான்றிதழின் மூலத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். அணி மேலாளரிடம் நகல் இருந்தால் போதும்.