மைக்ரேஷனில் டேபிள் பெயர் தேடுவது – ஒரு வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

லாரவெலில் (பிஎச்பி மொழிக்கான ஃபிரேம்வொர்க்) எழுதப்பட்ட பழைய அப்ளிகேஷன் ஒன்று எங்கள் குழுவின் கைக்கு வந்திருக்கிறது. அதன் டேபிள்கள் அனைத்தின் பட்டியலும் வேண்டும், எந்த டேபிளை எந்த மைக்ரேஷன் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் கோப்பு) தொட்டது என்றும் தெரிய வேண்டும். மைக்ரேஷன்ஸ் ஃபோல்டரில் 'ஸ்கீமா::கிரியேட்' என்று ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும் முறை) போட்டுத் தேடி, அடுத்த மேற்கோள்குறிகளுக்குள் இருப்பதை எடுத்தேன். கிடைத்த பெயர்களில் சில டேட்டாபேஸில் இல்லவே இல்லை. டேட்டாபேஸில் உள்ள சில டேபிள்களோ பட்டியலில் வரவில்லை. ரெஜெக்ஸை இன்னும் நுணுக்கமாக எழுதினால் சரியாகிவிடுமா?

கே.எஸ்.

அன்புள்ள கே.எஸ்.,

ஆகாது. நீங்கள் இரண்டு கேள்விகளை ஒரே ஸ்கிரிப்டிடம் கேட்கிறீர்கள். இப்போது என்னென்ன டேபிள்கள் இருக்கின்றன என்பது ஒன்று. எந்தக் கோப்பு எதைத் தொட்டது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கோடைப் படிக்கவே வேண்டாம், ஓட்டிப் பார்த்தால் போதும்.

புரொடக்‌ஷனில் உள்ள அதே எஞ்சின், அதே பதிப்பில் காலி டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்கி, அதில் எல்லா மைக்ரேஷன்களையும் ஓட்டும் 'ஆர்ட்டிசன் மைக்ரேட்' கட்டளையைக் கொடுங்கள். பிறகு, டேட்டாபேஸ் தன்னைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் 'டேபிள்ஸ்' என்பதிலிருந்து பெயர்களை எடுங்கள். டேபிள் டைப் 'பேஸ் டேபிள்' என்று வடிகட்ட மறந்தால் வியூக்களும் (டேபிள்போலத் தெரியும், சேமித்துவைத்த குவெரிகள்) சேர்ந்து வந்துவிடும். அவசரத்துக்கு எஸ்கியூலைட்டில் ஓட்ட வேண்டாம்: மைஎஸ்கியூஎல்லுக்கென்றே கையால் எழுதிய எஸ்கியூஎல் ஏதாவது ஒரு மைக்ரேஷனில் இருந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடும். மைக்ரேட் கட்டளையின் 'பிரிடெண்ட்' ஆப்ஷனையும் முழுதாக நம்ப முடியாது. அது எஸ்கியூஎல்லை அச்சிடுமே தவிர இயக்காது. மைக்ரேஷன் ஏதாவது டேபிளிலிருந்து வரிசைகளை வாசித்து அதைப் பொறுத்து முடிவெடுத்தால், அங்கே வெறுமைதான் திரும்பி வரும்.

இனி உங்கள் பட்டியல். டேட்டாபேஸில் இல்லாத பெயர்கள் பெரும்பாலும் மூன்று வழிகளில் நுழைந்திருக்கும். பிற்பாடு வந்த மைக்ரேஷன் அந்த டேபிளை டிராப் செய்திருக்கலாம். 'ஸ்கீமா::ரீனேம்' மூலம் 'போஸ்ட்ஸ்' என்பது 'ஆர்ட்டிகிள்ஸ்' ஆகியிருக்கலாம். மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை: ஒரு டேபிளை நீக்கும் மைக்ரேஷனின் 'டவுன்' மெத்தடுக்குள் (மாற்றத்தைச் செய்வது 'அப்', அதைத் திரும்பப்பெறுவது 'டவுன்'), பின்வாங்கும்போது அதை மீட்க ஒரு 'கிரியேட்' இருக்கும். ரெஜெக்ஸுக்கு 'அப்', 'டவுன்' வித்தியாசம் தெரியாது. கமெண்ட்டாக்கி விட்டுவைத்த பழைய வரிகளையும் அது அப்படியே அள்ளிவரும்.

விடுபட்டவற்றுக்குக் காரணங்கள் இன்னும் அதிகம். பேக்கேஜ்கள் தங்கள் மைக்ரேஷன்களை, அவை நிறுவப்படும் வெண்டர் ஃபோல்டரிலேயே வைத்துக்கொண்டு, சர்வீஸ் புரொவைடர் (பேக்கேஜை லாரவெலோடு இணைக்கும் கிளாஸ்) வழியாக ஏற்றும். ஏபிஐ டோக்கன்களைக் கையாளும் சாங்டம் பேக்கேஜின் டேபிள் 4-ஆம் பதிப்புக்கு முன்பு அப்படித்தான் தானாக வந்தது. யாராவது 'ஸ்கீமா:டம்ப்' கட்டளையை 'ப்ரூன்' சேர்த்து ஓட்டியிருந்தால், பழைய மைக்ரேஷன் கோப்புகள் அழிக்கப்பட்டு எல்லாம் ஒரே எஸ்கியூஎல் கோப்பாக வேறு ஃபோல்டரில் இருக்கும். டேபிள் பெயரை மேற்கோளுக்குள் எழுதாமல் கான்ஃபிக்கிலிருந்து எடுப்பவர்களும் உண்டு. ரோல், பெர்மிஷன் பேக்கேஜ்களில் இது சகஜம். 'மைக்ரேஷன்ஸ்' டேபிளை லாரவெல் தானே போட்டுக்கொள்ளும். எல்லாப் பெயர்களுமே பொருந்தாமல் போனால், முதலில் கனெக்‌ஷன் கான்ஃபிக்கில் 'பிரிஃபிக்ஸ்' (எல்லா டேபிள் பெயர்களின் முன்னும் சேரும் ஒட்டு) இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது கேள்விக்குக் கோடைப் படித்தே ஆக வேண்டும், ஆனால் பார்சர் வைத்துப் படியுங்கள். பிஎச்பி-பார்சர் லைப்ரரி ஒவ்வொரு கோப்பையும் சின்டாக்ஸ் ட்ரீயாக (கோடின் அமைப்பைக் காட்டும் மரம்) தரும். 'அப்' மெத்தடுக்குள் மட்டும் இறங்கி, ஸ்கீமா கிளாஸ் மீதான ஸ்டாட்டிக் கால்களில் கிரியேட், டேபிள், ரீனேம், டிராப், டிராப்இஃப்எக்சிஸ்ட்ஸ் ஐந்தையும் பிடியுங்கள். முதல் ஆர்க்யுமென்ட் வெறும் ஸ்ட்ரிங் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள் (ரீனேமில் இரண்டாவதும் வேண்டும்). வேரியபிளோ ஃபங்ஷன் காலோ என்றால் யூகிக்காமல், கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் தனியே எழுதி வையுங்கள். அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும். ஒரு இடத்தில் கவனம்: 'ஸ்கீமா::கனெக்‌ஷன்' போட்டுவிட்டு, அம்புக்குறியால் 'கிரியேட்' அழைத்திருந்தால், ட்ரீயில் அந்த 'கிரியேட்' ஸ்டாட்டிக் காலாக இருக்காது, மெத்தட் காலாக இருக்கும். ஸ்டாட்டிக்கை மட்டும் தேடும் ஸ்கிரிப்ட், இரண்டாவது டேட்டாபேஸ் முழுவதையும் சத்தமில்லாமல் தவறவிடும்.

வெண்டர் கோப்புகளையும் சேர்த்து, ஃபோல்டரைப் பார்க்காமல் கோப்புப் பெயர் வரிசையில் அடுக்குங்கள். லாரவெலும் அப்படித்தான் ஓட்டுகிறது. கிரியேட் வந்தால் சேர்த்து, ரீனேம் வந்தால் மாற்றி, டிராப் வந்தால் நீக்கிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சும் பட்டியல், ஓட்டிப் பார்த்த பட்டியலோடு ஏறக்குறைய ஒத்துப்போகும்.

இதே ஸ்கிரிப்டை வேறு ஃபிரேம்வொர்க்குக்கு மாற்ற நினைத்தால், பெயர் கோடில் எழுதப்பட்டிருக்கும் என்ற நம்பிக்கையை முதலில் விட்டுவிடுங்கள். பைத்தான் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் 'பிளாக்' ஆப்பின் 'போஸ்ட்' மாடல் 'பிளாக்_போஸ்ட்' என்ற டேபிளாகும். 'டேக்ஸ்' என்ற மெனி-டு-மெனி ஃபீல்டு இருந்தால் 'பிளாக்_போஸ்ட்_டேக்ஸ்' என்று இன்னொன்று தானாக முளைக்கும். வேறொரு மாடலின் டேபிளையே பயன்படுத்தும் ப்ராக்ஸி மாடலுக்கோ தனி டேபிளே கிடையாது. அங்கே மைக்ரேஷனின் எஸ்கியூஎல்லை அச்சிடும் 'எஸ்கியூஎல்மைக்ரேட்' கட்டளையின் வெளியீட்டைப் படிப்பதே மேல். ரூபி ஃபிரேம்வொர்க்கான ரெயில்ஸில், டேபிள்களின் இப்போதைய அமைப்பைச் சொல்லும் 'ஸ்கீமா.ஆர்பி' கோப்பு இருக்கும்போது இறுதிநிலைக்காக மைக்ரேஷனைத் தொட வேண்டியதில்லை.

இரண்டு பட்டியல்களையும் ஒப்பிட்டபின் உங்களிடம் இன்னும் ஒட்டாமல் நிற்பவை இருந்தால், கையால் எழுதிய எஸ்கியூஎல்லை நேரடியாக ஓட்டும் 'டிபி::ஸ்டேட்மென்ட்', 'டிபி::அன்பிரிபேர்ட்' இருக்கும் கோப்புகளைத் திறந்து பாருங்கள். ஸ்ட்ரிங்குக்குள் எழுதிய 'கிரியேட் டேபிள்' பிஎச்பி பார்சரின் கண்ணுக்குத் தெரியாது.