காயா அரசின் தொடக்கம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கொரியாவின் காயா அரசு கி.பி. 42இல் தோன்றியது என்பதை ஏற்கலாமா?

பதில்: அந்த ஆண்டைத் தருவது ‘கரக்குக்கி’ என்னும் நூல். கிம்ஹே நகரின் கூஜி குன்றில் வானிலிருந்து இறங்கிய ஆறு பொன்முட்டைகளுள் ஒன்றிலிருந்து பிறந்த சுரோ முதல் அரசரானார் என்கிறது அது. ஆனால் அந்நூல் 11ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது. 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்னும் பௌத்தத் துறவி தொகுத்த ‘சம்குக் யூசா’வில் அதன் சுருக்கமே எஞ்சியுள்ளது. அகழாய்வு காட்டும் காலவரிசை வேறு. சாங்வோன் அருகே தாஹோரியில், கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கல்லறையிலேயே இரும்புக் கருவிகளும் சீனக் காசுகளும் எழுதுதூரிகைகளும் கிடைத்துள்ளன. கிம்ஹேயின் தேசாங்தோங்கில் அரசர்க்குரிய பெருங்கல்லறைகள் எழுவதோ 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். எனவே காயா ஒரே நாளில் நிறுவப்பட்டதன்று, பியோன்ஹான் என்னும் சிற்றரசுகளின் கூட்டத்திலிருந்து சில நூற்றாண்டுகளில் படிப்படியாக உருவானது என்பதே என் முடிவு.

கேள்வி: இவ்வளவு சிறிய நாட்டுக்குச் செல்வம் எங்கிருந்து வந்தது?

பதில்: இரும்பிலிருந்து. பியோன்ஹானின் இரும்பைக் கொரியத் தீபகற்பத்தின் ஹான், யே மக்களும் ஜப்பானின் வா மக்களும் வந்து வாங்கினர் என்றும், சந்தையில் அது காசுபோலப் புழங்கியது என்றும், சீன ஆட்சிப்பகுதிகளான லெலாங்குக்கும் தைஃபாங்குக்கும் அனுப்பப்பட்டது என்றும் 3ஆம் நூற்றாண்டுச் சீன வரலாறான ‘சாங்குவோ ஜீ’ குறிப்பிடுகிறது. நக்தோங் ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்த கிம்ஹே, உள்நாட்டையும் ஜப்பானியத் தீவுகளுக்கான கடல்வழியையும் இணைத்தது.

கேள்வி: அரசி ஹோ ஹ்வாங் ஓக் தமிழ்ப்பெண்ணா?

பதில்: சுரோவை மணக்க கி.பி. 48இல் அவர் ‘அயுதா’ நாட்டிலிருந்து கடல்வழி வந்தார் என்று ‘கரக்குக்கி’ சொல்கிறது. அதை அயோத்தி என்போரும் உண்டு, பாண்டிய நாட்டை அடுத்த ஆய் நாடு என்போரும் உண்டு. இரண்டுக்கும் அக்காலத்துக் கல்வெட்டுச் சான்று இல்லை. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகள் பிந்திய, பௌத்தச் சாயல் படிந்த ஒரு கதையை மட்டும் கொண்டு அவரைத் தமிழர் என்று உரிமை கொண்டாடுவது, நம் வரலாற்றுக்கும் காயாவின் வரலாற்றுக்கும் நாம் செய்யும் அநீதி.

கேள்வி: காயா ஏன் நிலைக்கவில்லை?

பதில்: அது கடைசிவரை ஒரே அரசாகத் திரளவில்லை. 400இல் வடகொரிய அரசான கோகுர்யோவின் படை தெற்கே பாய்ந்தபின் கிம்ஹே தளர்ந்தது. தலைமை கோர்யோங்கைச் சேர்ந்த தேகாயா என்னும் மற்றொரு காயாச் சிற்றரசிடம் சென்றது. 532இல் கிம்ஹேயும் 562இல் தேகாயாவும் அண்டை அரசான சில்லாவிடம் வீழ்ந்தன. ஆயினும் 7ஆம் நூற்றாண்டில் சில்லாவுக்கு வெற்றி தேடித்தந்த படைத்தலைவர் கிம் யூ சின், கிம்ஹேயின் கடைசி அரசருடைய கொள்ளுப்பேரனே.