பல் செட்டுக்கு எவ்வளவு எடுத்து வைக்கலாம்? வாசகர் கேள்வி-பதில்

நாற்காலியில் உட்கார்ந்ததும், வாயைத் திறக்கும் முன்பே, பாதிப் பேர் கேட்பது "எவ்வளவு ஆகும் டாக்டர்?" என்பதைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான். அந்தத் தொகைக்குள் என்ன சேர்த்தி, என்ன சேர்த்தி இல்லை என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. இங்கே நான் சொல்லும் தொகைகள் தமிழ்நாட்டுத் தனியார் கிளினிக்குகளில் பார்த்துப் பழகிய தோராயக் கணக்கு. ஊருக்கு ஊர் மாறும்.

அப்பாவுக்கு 71 வயது. மேலும் கீழும் ஒரு பல்கூட இல்லை. மூன்று கிளினிக்கில் விசாரித்தோம். ஒருவர் 9,000 என்கிறார், ஒருவர் 20,000, இன்னொருவர் 45,000. எல்லாம் ஒரே பிளாஸ்டிக்தானே? (தஞ்சாவூர் வாசகி)

பெரும்பாலும் ஒரே பிளாஸ்டிக்தான் அம்மா. ரோஸ் நிறத்தில் ஈறு மாதிரி அக்ரிலிக், அதில் பதித்த பற்கள். சாதாரண செட்டில் இந்தப் பொருளுக்கு ஆகும் செலவு மொத்தத்தில் சிறு பங்கு. மீதி டாக்டரின் நேரத்துக்கும் லேபில் வேலை செய்கிறவரின் கைக்கும்.

ஒழுங்காகச் செய்தால் ஃபுல் செட்டுக்கு ஐந்து முறை வர வேண்டியிருக்கும். முதல் நாள் மேலோட்டமான அளவு. அதை வைத்து அப்பாவின் வாய்க்கென்றே தனி டிரே ஒன்று தயாராகும். இரண்டாம் முறை அந்த டிரேயின் விளிம்பில் பச்சை நிறக் குச்சி ஒன்றை உருக்கி ஒட்டி, கன்னத்தையும் உதட்டையும் அசைக்கச் சொல்லி, சதை எங்கே இழுக்கிறது என்று பார்த்து மறுபடி அளவெடுப்போம். செட்டு வாயில் கவ்வி நிற்பதும் நிற்காததும் இந்த விளிம்பில்தான் இருக்கிறது. மூன்றாம் முறை மெழுகுக் கட்டை வைத்து, இரண்டு தாடைக்கும் நடுவே எவ்வளவு உயரம், எந்த இடத்தில் கடிக்கிறார் என்று குறித்துக்கொள்வோம். நான்காம் முறை பற்களை மெழுகிலேயே அடுக்கி வாயில் வைத்துப் பார்ப்பது. ஐந்தாம் முறை செட்டு கைக்கு வரும். அப்புறம் புண்ணாகும் இடங்களைத் தேய்த்துச் சரிசெய்ய இரண்டு மூன்று நடை.

9,000 சொன்னவர் இதில் எதையாவது தாண்டுகிறாரா என்று பாருங்கள். "ஒரே அளவு, மூன்றாம் நாள் செட்டு" என்றால் இரண்டாவது அளவும் மெழுகுப் பார்வையும் காணாமல் போயிருக்கும். (சின்ன ஊரில் வாடகை குறைவு; குறைந்த காசுக்கு முழு வேலையும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். விலையை மட்டும் பார்த்து ஆளை எடைபோட வேண்டாம்.) 45,000 சொன்னவர் கீழே விழுந்தாலும் எளிதில் உடையாத அக்ரிலிக், தேய்மானம் குறைந்த இறக்குமதிப் பற்கள் என்று சொல்லியிருப்பார். அவை நல்ல சரக்குதான். ஆனால் அளவு சரியில்லாத வாயில் உயர்ந்த பல் வைத்து என்ன புண்ணியம்? என்னைக் கேட்டால், ஐந்து முறையும் வரச் சொல்கிற நடு விலைக்காரரிடம் போவேன். அப்பாவுக்குக் கை நடுக்கம் இருந்தால் உடையாத அக்ரிலிக்குக்கு மட்டும் கொஞ்சம் கூடக் கொடுப்பேன்.

மூவரிடமும் கேளுங்கள்: எத்தனை முறை வர வேண்டும்? மெழுகில் வைத்துக் காட்டுவீர்களா? செட்டு கொடுத்தபின் எத்தனை மாதம் வரை காசில்லாமல் சரிசெய்து தருவீர்கள்? வேர் ஏதும் உள்ளே தங்கியிருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரேயும் இதில் சேர்த்தியா? மெழுகில் வைத்துப் பார்க்கும் நாளில் உங்கள் அம்மாவையும் கூட்டிப் போங்கள். பல் பெரிசாக இருக்கிறது, வெள்ளை தூக்கலாக இருக்கிறது என்று அன்றைக்குச் சொன்னால் லேசாக மாற்றிவிடலாம். அக்ரிலிக் ஆன பிறகு சொன்னால் புதுச் செலவு.

பல் பிடுங்கி ஒன்றரை மாதத்தில் செட்டு போட்டேன், 20,000 ரூபாய். பத்து மாதத்தில் கீழ் செட்டு பேசும்போதே எழும்புகிறது. உள்பக்கம் புதிதாக அக்ரிலிக் சேர்க்க வேண்டும், 4,000 ஆகும் என்கிறார் டாக்டர். அவர் சரியாகச் செய்யாததற்கு நான் ஏன் காசு கொடுக்க வேண்டும்? (கோயம்புத்தூர் வாசகர்)

கோபம் நியாயம்தான், ஆனால் செட்டின் மேல் குற்றம் இருக்க வாய்ப்பு குறைவு. செருப்பு அதே அளவில்தான் இருக்கிறது, கால்தான் மெலிந்துவிட்டது. பல் போனதும் அதைத் தாங்கிய எலும்பு கரைய ஆரம்பிக்கும். முதல் ஆறு மாதம், ஒரு வருடம் வேகமாக, பிறகு மெதுவாக. முழுக்க நிற்பதில்லை. மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை சுமார் நான்கு மடங்கு கரைகிறது என்று டால்கிரென் என்ற ஆய்வாளர் 1972-ல் பல்லாண்டு எக்ஸ்ரேக்களை வைத்துக் காட்டினார். போதாததற்குக் கீழ் செட்டு குதிரை லாட வடிவம். பிடித்துக்கொள்ளப் பரப்பு குறைவு, நாக்கு வேறு தள்ளும். மேல் செட்டுக்கு அண்ணம் முழுவதும் துணைக்கு இருக்கிறது.

டாக்டர் சொல்வதை ரீலைன் என்போம். பல் பிடுங்கிய சில வாரத்திலேயே செட்டு போட்டவர்களுக்கு முதல் வருடத்துக்குள் இது ஏறக்குறைய நிச்சயம். முதல் நாளே அவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தவறு அவருடையது. கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பலர் ஒத்துக்கொள்வார்கள். ஒட்டும் பவுடர் வாங்கிச் சமாளிக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மாதாமாதம் அதற்கும் காசு போகும், எலும்பு கரைவதும் நிற்காது.

கணக்கு இப்படிப் போடுங்கள். 20,000 செட்டு, 4,000 ரீலைன், ஆறு வருடப் பயன். மாதத்துக்கு 350 ரூபாய்க்குள் அடங்குகிறது. ஐந்து முதல் ஏழு வருடத்தில் பல் தேய்ந்து, தாடை உயரம் குறைந்து, புது செட்டு தேவைப்படும். அதற்கும் இப்போதிருந்தே மாதம் ஒரு முந்நூறு போட்டு வையுங்கள்.

அம்மாவுக்கு 66 வயது, சர்க்கரை உண்டு. கீழே இரண்டு இம்ப்ளாண்ட் வைத்து அதன் மேல் செட்டு மாட்டினால் ஆடாது, 1,10,000 என்கிறார்கள். போடலாமா? (மதுரை வாசகர்)

இம்ப்ளாண்ட் என்பது தாடை எலும்புக்குள் பதிக்கும் செயற்கை வேர். கீழ்த்தாடைக்கு இது நல்ல வழி என்பதில் சந்தேகமில்லை. கீழே ஒரு பல்கூட இல்லாதவருக்கு இரண்டு இம்ப்ளாண்டின் மேல் மாட்டும் செட்டே முதல் தேர்வாக இருக்க வேண்டும் என்று 2002-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள் அறிவித்தார்கள். கையில் காசு இருந்தால் நானும் அதையே சொல்வேன்.

காசு இறுக்கமாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். முதலில் சாதாரண செட்டை ஒழுங்காகச் செய்து ஆறு மாதம் போட்டுப் பார்க்கட்டும். சமாளித்துவிட்டால் இம்ப்ளாண்ட் செலவு மிச்சம். சமாளிக்க முடியாவிட்டால் அப்போது இம்ப்ளாண்ட் வைத்து, அதே செட்டின் அடியில் கிளிப் பொருத்தலாம். செட்டு நன்றாகச் செய்யப்பட்டிருந்தால் பெரும்பாலும் முடியும். முதல் காசு வீணாகாது. இந்த வழியை நிறையப் பேர் சொல்வதில்லை.

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் தடை இல்லை. மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். கிளிப்புக்குள் இருக்கும் நைலான் வளையம் தேயும். வருடத்துக்கு ஒரு முறை போல மாற்ற வேண்டி வரும். அதன் விலையை இப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். வட்டியில்லாத் தவணை என்றால் பிராசஸிங் கட்டணம் எவ்வளவு என்றும் பாருங்கள்.

சொந்தக் கதை ஒன்று. என் அம்மா தன் கீழ் செட்டைப் பட்டுப்புடவை மாதிரி வைத்திருந்தார். கல்யாணத்துக்கு மட்டும் வெளியே வரும்; மற்ற நாளெல்லாம் எவர்சில்வர் சம்புடத்தில் தண்ணீருக்குள். மகன் பல் டாக்டர், அதுவும் பல் செட்டு டாக்டர்! அவருக்குத்தான் முதலிலேயே இம்ப்ளாண்ட் வைத்திருக்க வேண்டும். அலமாரியில் கிடக்கும் செட்டைவிட விலை கூடிய செட்டு கிடையாது.

கையில் காசே இல்லாதவர்களுக்கு வழி? (விழுப்புரம் வாசகர்)

உண்டு. சென்னை முத்துசாமி சாலையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. உங்களுக்குப் பக்கம் சிதம்பரம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இருந்து அரசின் கைக்கு வந்த பல் மருத்துவக் கல்லூரி அங்கே உண்டு. புதுக்கோட்டையிலும் 2023-ல் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளியே ஆகும் செலவில் ஒரு பகுதிதான் ஆகும்.

மாணவர்கள்தான் செய்வார்கள், அதற்காகப் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு கட்டத்திலும் ஆசிரியர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்ததற்குப் போக முடியும். நான் மாணவனாக இருந்தபோது ஒரு தாத்தாவுக்கு எடுத்த அளவை என் ஆசிரியர் மூன்று முறை தூக்கிப் போட்டார்; நான்காவது முறை எடுத்தேன். தாத்தா பொறுமைசாலி. நீங்கள் கொடுக்க வேண்டியது அந்தப் பொறுமையும் பஸ் காசும். எத்தனை நடை ஆகும் என்று கேட்டு, கூட வருகிறவரின் ஒரு நாள் கூலியையும் கணக்கில் சேருங்கள். சில சமயம் அதுவே பெரிய தொகையாகிவிடுகிறது.

எல்லை தாண்டி இருப்பவர்களுக்கு: வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள முதியோருக்கு இலவசப் பல் செட்டு தரக் கேரளத்தில் ‘மந்தஹாசம்’, கர்நாடகத்தில் ‘தந்த பாக்ய’ என்று திட்டங்கள் உண்டு. அந்தந்த மாநில ரேஷன் கார்டோடு விசாரியுங்கள்.

மெடிக்கல் இன்சூரன்ஸில் வருமா? (சேலம் வாசகி)

பெரும்பாலான பாலிசிகளில் வராது. விபத்தில் பல் போய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பேச்சே. மத்திய அரசு ஓய்வூதியர்களும் முன்னாள் ராணுவத்தினரும் தங்கள் மருத்துவத் திட்டத்தில் பல் செட்டுக்கு உள்ள உச்சவரம்பையும் முன் அனுமதி வேண்டுமா என்பதையும், செய்வதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். இன்சூரன்ஸே இல்லாத 60 வயதைக் கடந்தவரின் மருத்துவச் செலவுக்குப் பழைய வரிமுறையில் வருடத்துக்கு 50,000 ரூபாய் வரை கழிவு உண்டு, ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. ஜிபேயில் கட்டி ரசீது வாங்கி ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

கீழே பக்கவாட்டில் ஒரு பல் மட்டும் இல்லை. எது லாபம்? (திருநெல்வேலி வாசகர்)

கழற்றி மாட்டும் அக்ரிலிக் பல் 1,500 அளவில் முடியும். மென்று தின்ன அவ்வளவு உதவாது, ஈறையும் அழுத்தும். பாலம் போலக் கட்டும் பிரிட்ஜ் மூன்று பல்லுக்கு 10,000 முதல் 30,000 வரை. பக்கத்துப் பற்கள் இரண்டையும் ராவ வேண்டும். அவை நல்ல பற்கள் என்றால் எனக்கு மனசு வராது. இம்ப்ளாண்ட் 25,000 முதல் 40,000. உங்களுக்கு வயது 40 என்று எழுதியிருக்கிறீர்கள், ஒரு வருடம் சேர்த்தாவது இம்ப்ளாண்ட் வையுங்கள்.

லண்டனில் இருக்கிறேன். அடுத்த மாதம் இரண்டு வாரம் சென்னை வருகிறேன். அங்கேயே செட்டு செய்துகொண்டால் மிச்சம்தானே?

டிக்கெட் எப்படியும் எடுத்துவிட்டீர்கள் என்றால் மிச்சம்போலத் தெரியும். ஆனால் இங்கிலாந்தில் என்.ஹெச்.எஸ் என்ற அரசு மருத்துவச் சேவை வழியாகப் பல் செட்டு மூன்றாம் கட்டண வரிசையில் வருகிறது. 2025 ஏப்ரலில் அது 326.70 பவுண்டாக இருந்தது. அந்த ஒரே தொகையில் பரிசோதனையும், வேண்டிய பல்லைப் பிடுங்குவதும் அடக்கம். உங்கள் சிக்கல் என்.ஹெச்.எஸ் டாக்டர் கிடைக்காததாக இருந்தால் வாருங்கள். பத்து நாளில் செட்டு தயாராகும். முதல் புண் வருவதோ பெரும்பாலும் போட்ட இரண்டு மூன்று நாளில். ஆகவே இறங்கிய மறுநாளே முதல் அளவு, ஊர் திரும்ப நான்கு நாள் இருக்கும்போது செட்டு கையில் என்று டாக்டரிடம் தேதி பேசிக்கொள்ளுங்கள். பல் பிடுங்க வேண்டியிருந்தால் இந்தத் திட்டமே வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் 1,500 ரூபாய்க்குக் கழற்றவே வேண்டாத பல் வைக்கிறார்களாம்? (தருமபுரி வாசகர்)

வேண்டவே வேண்டாம். பக்கத்துப் பல்லில் கம்பி சுற்றி, மேலே அக்ரிலிக்கை அப்படியே குழைத்து அப்பிவிடுவார்கள். உள்ளே சோறு தங்கி நாறும். ஒரு பல் போன இடத்தில் மூன்று பல் போகும். சட்டப்படி பதிவு செய்த பல் டாக்டர்தான் வாயில் கை வைக்கலாம்.

மேல் செட்டு கை தவறி விழுந்து இரண்டாகிவிட்டது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாமா? (காரைக்குடி வாசகி)

போட்டுவிடாதீர்கள் அம்மா. அந்தப் பசை முடி அளவு விலக்கி ஒட்டினாலும் செட்டு வாயில் உட்காராது. அதைச் சுரண்டி எடுத்த பிறகு லேபில் இரண்டு துண்டும் சரியாகப் பொருந்தாமலும் போகும். சில நூறு ரூபாயில் முடிகிற ரிப்பேர் புது செட்டில் போய் நிற்கும். இனிமேல் கழுவும்போது வாஷ்பேசினில் பாதி தண்ணீர் பிடித்துக்கொண்டு அதற்கு மேல் வைத்துக் கழுவுங்கள். பேஸ்ட் போட்டுத் தேய்க்க வேண்டாம், கீறல் விழும், சோப்பு போதும். வெந்நீர் கூடாது, வளைந்துவிடும். இப்போதைக்கு இரண்டு துண்டையும், தரையில் தேடிச் சின்னச் சில்லு கிடைத்தால் அதையும் சேர்த்து, ஒரு டப்பாவில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோங்கள்.