ராக்டைம் பழக இடது கையிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. பியானோவில் மூன்றாம் கிரேடு முடித்திருக்கிறாள். ஸ்காட் ஜாப்ளினின் ‘தி என்டர்டெய்னர்’ வாசிக்க ஆசைப்படுகிறாள். தனித்தனியாக வாசித்தால் சரியாக வருகிறது, இரண்டு கையும் சேர்ந்தால் குழம்பிவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: யூடியூபில் கேட்ட வேகத்தை அவள் மறந்துவிட வேண்டும். 1902இல் வெளிவந்த அந்த இசைத்தாளிலேயே ‘வேகம் வேண்டாம்’ என்றுதான் போட்டிருக்கிறது. ராக்டைமை (இடது கை சீராகத் தாளம் போட, வலது கை தாளம் தள்ளி மெட்டு வாசிக்கும் அமெரிக்க பியானோ இசை) வேகமாக வாசிப்பதே தப்பு என்று ஜாப்ளின் தன் மற்ற தாள்களிலும் அச்சிட வைத்தார். அந்தக் காலத்திலேயே ஆட்கள் ஓட்டியிருக்கிறார்கள் போலிருக்கிறது!

குழப்பம் பெரும்பாலும் இடது கையில்தான். கீழே ஒரு பாஸ் சுரம், மேலே தாவி ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள்), மறுபடி பாஸ், மறுபடி கார்டு. கடிகாரம் மாதிரி ஓட வேண்டிய கை அது. வலது கை இழுக்கும்போது அதுவும் கூடவே இழுபட்டால் போச்சு. விசைகளைப் பார்க்காமலே தாவல் சரியாக விழும்வரை அதை மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் கொன்னக்கோல், அதாவது தாளச் சொற்களை வாயால் சொல்வது, கைகொடுக்கும். முதல் பகுதியில் ஒரு பாருக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) எட்டு பதினாறாம் சுரங்களின் நேரம். ‘தகதிமி தகஜுனு’ என்று சொல்லிக்கொண்டே, இடது கையை த, தி, த, ஜு என்ற நான்கிலும் தட்டட்டும். மெட்டின் முதல் பாரில் கீழ் ஈ சுரம் முதல் த, மி, ஜு மேல் விழும். மேல் ஸி சுரம் முதல் க, இரண்டாவது த, னு மேல் விழும். கடைசி ‘னு’வில் வரும் ஸி அடுத்த பாருக்குள் நீள்கிறது. அந்தப் பாரின் தொடக்கத்தில் வலது கை புதிதாக எதையும் அடிக்காது, இடது கை மட்டும் இறங்கும். குழந்தைகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். இரண்டு நாள் வாயால் சொல்லி, தொடையில் தட்டிப் பழகிவிட்டுப் பியானோவுக்குப் போகட்டும்.

ஆக்டேவ் (ஒரே சுரத்தின் கீழ், மேல் விசைகளைச் சேர்த்து அடிப்பது) எட்டாவிட்டால் கையை இழுத்து வலிக்கவைக்காதீர்கள். பாஸில் கீழ் சுரம் மட்டும் போதும். பெடல் இப்போதைக்கு வேண்டாம்.

அடுத்து என்ன என்று கேட்டால், ‘தி ஈஸி வின்னர்ஸ்’ பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், வாசிக்க அது ஈஸி இல்லை. 1909இல் வந்த ‘சோலஸ்’ மெதுவானது, அதன் முதல் பகுதியை எடுக்கலாம். 1899இன் ‘மேப்பிள் லீஃப் ராக்’ நான்கு ஃபிளாட்டுகளில் (நான்கு சுரங்களை அரைச் சுரம் இறக்கி வாசிக்க வேண்டும்) இருக்கிறது, அதற்கு இன்னும் இரண்டு மூன்று வருடம் போகட்டும்.