ரெண்டு சம்பளம் வந்தும் கார்டு கடன் ஏன் குறையல?

ரெண்டு வேலை பார்க்குறீங்க, கிரெடிட் கார்டு கடன், பர்சனல் லோன் ரெண்டும் இருக்கு, எதை முதல்ல அடைக்கிறதுன்னு கேட்டிருக்கீங்க. முதல்ல கார்டு கடனை அடைங்க, பர்சனல் லோனை அப்புறம் பார்த்துக்கலாம். லோனுக்கு மாசத் தவணை மட்டும் தவறாம போகட்டும். ரெண்டாவது வேலையில வர்றதுல வரிக்குக் கொஞ்சம் ஒதுக்கிட்டு (ஏன்னு கடைசியில சொல்றேன்), மீதி மொத்தமும் கார்டுக்கே.

"ஆறு மாசமா கட்டுறேன், பாக்கி அசையவே இல்ல"ன்னு எழுதியிருக்கீங்க. அதே கார்டுலதான் மளிகையும் பிள்ளைங்க ஃபீஸும் போகுதுன்னு நினைக்கிறேன். பழைய பாக்கி இருக்கும்போது பெரும்பாலான கார்டுகள்ல வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. புதுசா வாங்குறதுக்கு அன்னிக்கே வட்டி ஓட ஆரம்பிச்சிடும். மாசம் 3% வட்டின்னு வைங்க. 1,00,000 பாக்கிக்கு 3,000 வட்டி. நீங்க 5,000 கட்டினா அசல்ல கழியறது 2,000 தான். அந்த மாசமே 2,000-க்கு மளிகை தேய்ச்சா? நின்ன இடத்துலயே ஓடுறீங்க.

கடைசி மூணு ஸ்டேட்மென்ட்டை எடுங்க. வட்டி, புதுச் செலவு ரெண்டையும் கூட்டி, கட்டின தொகையோட ஒப்பிடுங்க. கூட்டுத்தொகை சமமாவோ பெருசாவோ இருந்தா கார்டை வீட்லயே பூட்டி வைங்க. (போன்ல சேமிச்ச கார்டு நம்பரையும் அழிக்கணும், பணம் தெரியாம ஒழுகுற ஓட்டை அதுதான்.)

ஒண்ணு மட்டும் கவனம்: ரெண்டு வேலையிலயும் தனித்தனியா வருமான வரி பிடிச்சா, மொத்த வருமானத்துக்குப் பிடிச்சது பத்தாம போகலாம். வருஷக் கடைசியில கட்ட வேண்டி வந்தா, திரும்ப அதே கார்டுலதான் கை போகும். அதுக்குக் கொஞ்சம் ஒதுக்கிட்டு மீதியைக் கட்டுங்க.