கிழக்கே சுமத்ராவில் பூமி நடுங்கியதற்கு, மேற்கு பார்த்த குளச்சலை ஏன் சுனாமி அடித்தது? இனியும் வருமா?

"குமரிப் பக்கம் தட்டு எல்லை எதுவும் இல்லை, அதனால் கடலோரத்தில் தைரியமாக வீடு கட்டலாம் என்கிறார்களே" என்றும் கேட்டிருக்கிறீர்கள். குளச்சல் பக்கம் மனை பார்க்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பூமியின் மேலோடு பெரிய பெரிய துண்டுகளாக நகர்கிறது, அவைதான் தட்டுகள். நம் பக்கம் அவற்றின் எல்லை இல்லை என்பது சரி. 'அதனால்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு என்னால் கடந்துபோக முடியவில்லை.

நான் கடப்புறத்துப் பெண். 2004 டிசம்பரில் கல்லூரியில் புவியியல் முதலாண்டு. அந்தப் பருவத் தேர்வில் ஒரு படம் வரைந்திருந்தேன். கடல் தட்டு சரிந்து பக்கத்துத் தட்டுக்கு அடியில் போகும், அந்த இடத்தில் அகழி, அதாவது கடலடியில் நீண்ட ஆழமான பள்ளம், அதற்கு அப்பால் எரிமலை வரிசை. அம்புக்குறி எல்லாம் போட்டு முழு மதிப்பெண் வாங்கினேன்.

26ஆம் தேதி ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஞாயிறு எங்கள் ஊரில் கடலுக்குப் போகமாட்டார்கள், எல்லோரும் கரையில்தான் இருந்தார்கள். இந்தோனேசியாவில் நிலநடுக்கம் என்று டிவியில் ஓடியது. அப்பாவிடம் சொன்னேன். "அது எங்கேயோ கெடக்கு மக்களே" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. பூமி நடுங்கியது நம் நேரப்படி காலை 6.28. எங்கள் கரையில் அலை ஏறியது பத்து மணிக்கு மேல். இடையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது. நான் வரைந்த அந்தப் படத்துக்கு மேலே ஒரு கடல் நிற்கிறதே என்று ஒரு தடவை நினைத்திருந்தால், கொட்டில்பாட்டிலிருந்த சித்தியை வரச்சொல்லி ஆள் அனுப்பியிருப்பேன். சித்தி சரியான திசையில்தான் ஓடினாள், கடலுக்கு முதுகைக் காட்டி. குறுக்கே ஏ.வி.எம். கால்வாய் இருந்தது. அங்கே அதில் விழுந்து போனவர்கள் நிறையப் பேர்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நாம் நிற்கும் தட்டில் நிலம் ஒரு பகுதிதான். வங்கக் கடலின் தரையும் அரபிக் கடல் தரையின் பெரும்பகுதியும் அதே தட்டு. மேற்கே கார்ல்ஸ்பர்க் முகடு என்ற கடலடி மலைத்தொடரில் அதற்குப் புதிய தரை பிறக்கிறது. வடக்கே இமயத்தில் முட்டுகிறது. கிழக்கே அந்தமானிலிருந்து சுமத்ரா வரை நீளும் அகழியில் உள்ளே அமிழ்கிறது. குமரி இதற்கெல்லாம் நடுவில். சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் பிய்த்துக்கொண்டு போன ஓரம்தான் நம் மேற்குக் கரை. இன்று அங்கே எதுவும் அமிழவில்லை.

அகழியில் தட்டு வழுக்கிக்கொண்டு போவதில்லை. மேலே இருக்கும் தட்டோடு பூட்டிக்கொள்கிறது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் கீழ்த்தட்டு இழுக்க இழுக்க, மேல்தட்டின் விளிம்பு வில்லாக வளைகிறது. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த இழுவை அன்று சுமார் 1300 கி.மீ. நீளத்துக்கு விட்டது. சில இடங்களில் நழுவல் 15 மீட்டருக்கு மேல். விளிம்பு துள்ளி எழுந்தது, பின்னால் இருந்த நிலம் தாழ்ந்தது. பெரிய நிக்கோபாரின் இந்திரா முனை 4 மீட்டருக்கு மேல் இறங்கி, கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் நின்றது அதனால்தான். எழுந்த தரை தன் மேலிருந்த மொத்தக் கடலையும் தூக்கிவிட்டது. 4 கி.மீ. ஆழத்தில் அந்த அலை மணிக்கு ஏறத்தாழ 700 கி.மீ. வேகத்தில் போகும்.

அகழி பெரும்பாலும் வடக்கு தெற்காகக் கிடப்பதால் பெரும் வீச்சு கிழக்கேயும் மேற்கேயும் போனது. நமக்கு இலங்கை மறைப்பு இல்லையா என்று கேட்பார்கள். ஆழம் குறையும் பக்கம் அலை மெதுவாகும், மெதுவாகும் பக்கமே திரும்பும். இலங்கையின் தென்முனையைச் சுற்றி வந்த அலைக்கு, நம் ஆட்கள் மீன் பிடிக்கப் போகும் வெட்ஜ் பேங்க் மேடும் குமரியைச் சுற்றிய ஆழமில்லாத கடலும் அப்படி வழிகாட்டின. இதைப் பல வருடம் கழித்து அப்பாவுக்கு விளக்கினேன். "முனையில நீவாடு திரும்புகது மாதிரியாக்கும்" என்றார். நீரோட்டமும் சுனாமியும் ஒன்றில்லைதான். ஆனால் அவர் சரியாகப் பிடித்துக்கொண்டார்.

2012 ஏப்ரல் 11 மதியம் மறுபடி சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம். அன்று முதல் ஆளாக அப்பாவைக் கூப்பிட்டு மேட்டுக்குப் போகச் சொன்னேன். போனார், தெருவையும் அழைத்துக்கொண்டு. பெரிய அலை வரவில்லை. அந்த நடுக்கம் அகழியில் நடக்கவில்லை. அதற்கு மேற்கே கடல் தட்டே உள்ளுக்குள் உடைந்து பக்கவாட்டில் நகர்ந்தது. தரை எழும்பாததால் தண்ணீரும் எழும்பவில்லை. வீணாக ஓடவைத்துவிட்டேன் என்று ஊரில் சிலர் இன்றும் சொல்கிறார்கள். அடுத்த முறையும் ஓடச் சொல்வேன். நடுங்கிய சில நிமிடங்களில் அது எந்த வகை என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது.

நான் ஆராய்ச்சியாளர் இல்லை, பள்ளி ஆசிரியை. திருத்த வேண்டியது இருந்தால் திருத்துங்கள். குமரிக்கண்டத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்க வருபவர்களுக்கு: இலக்கியம் சொல்லும் கடல்கோளை நான் மறுக்கவில்லை. தெற்கே ஆழ்கடலின் தரை எரிமலைப் பாறையால் ஆனது, அது மூழ்கிய கண்டம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்பில் புவியியல் பாடத்தையே எடுத்துவிட்டார்கள். பிள்ளைகள் சேரவில்லையாம். "அதைப் படிச்சு என்ன வேலை கிடைக்கும்?" என்று பெற்றோர் கூட்டத்தில் என்னையே கேட்டார்கள். இந்த மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 800 பேரைக் கடல் கொண்டுபோன பிறகும் அப்படிக் கேட்டார்கள். இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

இனியும் வருமா என்றால், வரும். தேதி யாராலும் சொல்ல முடியாது. அந்தக் கிழக்கு அகழி மட்டும் என்றும் நினைக்காதீர்கள். அரபிக் கடலின் வடக்கே, பாகிஸ்தான், ஈரான் பக்கத்து மக்ரான் கரையிலும் தட்டு அமிழ்கிறது. 1945இல் அங்கே எழுந்த சுனாமி பம்பாய் வரை வந்தது. இப்போது ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இருக்கிறது, 2004இல் அது இல்லை. மனை வாங்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன், நாங்களும் அங்கேதான் இருக்கிறோம். பத்திரம் பதிவதற்கு முன் ஒருநாள் அந்த மனையிலிருந்து மேட்டுக்கு நடந்து பாருங்கள். வழியில் கால்வாய் வந்தால் பாலம் எங்கே இருக்கிறது, வீட்டில் வயதானவர்கள் அதுவரை எத்தனை நிமிடத்தில் போவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.